அல்சூர் பட்டறையில் ஏழு வாரம் இருந்த வெப்லி

பழைய ஏர் பிஸ்டல், அதாவது காற்றின் அழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி, சேகரிப்பவர்கள் பெங்களூரில் அதிகம் பேர் இல்லை. இருக்கும் சிலர் சந்தித்துக்கொள்ளும்போது நலம் விசாரித்த கையோடு கேட்கும் கேள்வி, "நீங்கள் எங்கே கொடுத்துச் சரிபார்க்கிறீர்கள்?" என்பதுதான். பணமும் பொறுமையும் இருந்தால் பொருளை எப்படியாவது வாங்கிவிடலாம். ஐம்பது அறுபது வருடம் பெட்டிக்குள் கிடந்த ஒன்றைப் பிரித்து, அதன் பழமை கெடாமல் மறுபடியும் சுட வைக்கிற ஆளைக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதல்ல. அப்படிப்பட்ட ஒருவரின் பட்டறையைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. அல்சூர் ஏரிக்கு நடந்துபோகும் தூரத்தில், ஒரு சந்துக்குள், தம் வீட்டின் முன்னறையையே பட்டறையாக வைத்திருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதினால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் வேலை கெடும் என்பது அவருடைய வாதம். அவரைத் தேடுகிறவர்கள் ஏற்கெனவே அவரிடம் வேலை கொடுத்த ஒருவரைப் பிடித்துத்தான் போக வேண்டியிருக்கும். நானும் அப்படித்தான் போனேன்.

எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் பிரிவான டூல்ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் தொடங்கப்பட்ட அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. அங்கே பழகிய கைகள் மட்டும் இந்த ஊரின் சந்துகளில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. மேசைமேல் ஒரு சிறிய லேத், கண்ணில் செருகிக்கொள்ளும் கடிகாரக்காரர் லென்ஸ், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் அளவுவாரியாகப் பிரித்துப் போட்ட திருகாணிகள், சுவரில் முருகன் காலண்டர். இவ்வளவுதான் பட்டறை. தையல் இயந்திரம், பழைய கேமரா, இன்ஜெக்‌ஷன் பம்ப் என்று எதையும் சரிபார்ப்பார் என்றாலும், ஏர் பிஸ்டல் போனால் மற்றவற்றை ஓரமாகத் தள்ளி வைத்துவிடுகிறார். நாம் கொண்டுபோனது பிஸ்டலாக இருந்தால் இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நாம் தையல் இயந்திரத்தின் சொந்தக்காரர் என்றால் நிலைமை வேறு.

நான் கொண்டுபோனது வெப்லி சீனியர் என்ற பழைய ஆங்கிலேய ஏர் பிஸ்டல். என் தாத்தா கோலார் தங்கவயலில் கணக்கராக இருந்தவர். சுரங்கத்தில் அதிகாரியாக இருந்த ஓர் ஆங்கிலேயர் ஊருக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் வீட்டுச் சாமான்களை விற்றபோது, ஒரு மேசை விளக்கோடு சேர்த்து இதையும் வாங்கினாராம். விளக்கு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. பிஸ்டல் மட்டும் தகரப் பெட்டியில், அந்துருண்டைகளுக்கு நடுவே, பழைய வேட்டித் துணி சுற்றிக் கிடந்தது. என் கைக்கு வந்தபோது சுருள்வில் ஏறியது, விசை விழுந்தது; ஆனால் பெல்லட் என்கிற சிறு குண்டு 10 மீட்டரில் வைத்த அட்டையைத் துளைக்காமல் அதன் மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டுக் கீழே விழுந்தது.

வெப்லியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இவருடைய வேலையின் அருமை விளங்கும். பர்மிங்காமின் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் ராணுவ ரிவால்வர்களுக்குப் பேர்போனது. முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் 1920ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் வந்து, சாதாரண மக்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கடும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அந்தச் சூழலில் இந்த நிறுவனம் 1924இல் 'மார்க் 1' என்ற தன் முதல் ஏர் பிஸ்டலை வெளியிட்டது. சீனியர் 1930இல் வந்து, சின்னஞ்சிறு மாற்றங்களோடு 1960களின் நடுப்பகுதி வரை விற்பனையில் இருந்தது. இதன் அமைப்பு விசித்திரமானது. குழல் மேலே, காற்றறை கீழே. பின்புறம் உள்ள அங்கவடி போன்ற கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளினால் குழலின் பின்முனை விடுபடும். அதைப் பிடித்து மேலே தூக்கி முன்னோக்கி மடக்கும்போது, முன்னால் உள்ள கீல் வழியாக ஒரு நெம்புகோல் பிஸ்டனை முன்பக்கம் இழுத்துச் சுருள்வில்லை நெருக்கும். பெல்லட்டைக் குழலின் பின்வாயில் வைத்து மூடிச் சுட்டால், பிஸ்டன் சுடுகிறவரின் கையை நோக்கிப் பின்னால் பாயும். நெருங்கிய காற்று பின்சுவரில் மோதி, மேலே உள்ள துளை வழியாக ஏறிக் குழலுக்குள் புகுந்து பெல்லட்டைத் தள்ளும். காற்று இப்படி ஒரு கொண்டை ஊசி வளைவு எடுத்துத் திரும்புவதால்தான் இத்தனை குட்டையான உடலுக்குள் இவ்வளவு நீளமான குழலை வைக்க முடிந்தது.

இந்த அமைப்பில் காற்று கசிய இடம் இரண்டு. பிஸ்டனைச் சுற்றி, மோட்டார் எஞ்சினில் இருப்பதைப் போன்ற பிளவுள்ள உலோக வளையம் ஒன்று; குழலின் பின்வாயும் காற்றுத் துளையும் சந்திக்கும் இடத்தில் நாலணாவைவிடச் சிறிய வாஷர் ஒன்று. இவற்றில் ஒன்று தேய்ந்தாலும் பிஸ்டல் இருமுமே தவிரச் சுடாது. என்னுடையதில் வாஷர் காய்ந்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி நொறுங்கியிருந்தது. சுருள்வில்லும் தளர்ந்து, நடுவில் லேசாகக் கோணியிருந்தது.

அவரிடம் கொடுப்பதற்கு முன் நான் இவ்வளவு தயங்கியதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய டயானா பிஸ்டலை, இதே ஊரில் வேறொரு கடையில், துரு எடுப்பதற்காகக் கொடுத்தேன். கடைக்காரர் மீது முழுப் பழியையும் போட முடியாது. "நல்லாப் பண்ணிக் குடுங்க" என்று சொன்னது நான்தான். அவர் நல்லாத்தான் பண்ணினார். பஃபிங் சக்கரத்தில் கொடுத்து, நிக்கல் முலாமும் பூசி, பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம் மாதிரி பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். அதன் மேல் இருந்த டயானா தேவதையைக் காணோம். வில்லைக் கீழே போட்டுவிட்டு ஏர் ரைபிளை உயர்த்திப் பிடித்திருக்கும் அந்தச் சிறு முத்திரையும், அதையொட்டி எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று பொறித்திருந்த வரியும் சேர்ந்தே போய்விட்டன.

அந்த ஒரு வரியின் மதிப்பு சேகரிப்பாளர்களுக்குத் தெரியும். டயானா ஜெர்மனியின் ராஸ்டாட் நகரத்து நிறுவனம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அதன் இயந்திரங்கள் போர் இழப்பீடாகப் பிரிட்டனுக்குப் போயின. ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ நிறுவனம் அவற்றை வைத்து டயானா என்ற பெயரிலேயே தயாரித்து விற்றது. ஜெர்மானியர்கள் மறுபடி தொழில் தொடங்கியபோது, பிரிட்டனில் தம் சொந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாமல் 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரு டயானா ராஸ்டாட்டில் பிறந்ததா, ஸ்காட்லாந்தில் பிறந்ததா என்பதற்கு அந்தப் பொறிப்புதான் முதல் சாட்சி. என்னுடையது இன்று ஊர் பேர் இல்லாத அழகான ஒரு பொருள்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்துத்தான் வெப்லியை அல்சூர்க்காரரின் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. முதலில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார், பிறகு லென்ஸைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். "தம்பி, கறுப்பு எங்க போச்சுன்னு பாக்காதீங்க. எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். அந்தக் கறுப்பு, அதாவது இரும்பின் மேல் ஆலையிலேயே ஏற்றிய கருநீலப் பூச்சு, கொக்கிக்கு அடியிலும் விசைக்காப்பின் உட்புறத்திலும் அப்படியே இருந்தது. "இதை நான் தேய்க்க மாட்டேன், மறுபடி கறுப்பும் ஏத்த மாட்டேன். உள்ள இருக்கிறதைத்தான் பாப்பேன். சம்மதமா?" என்று கேட்டார். எதைச் செய்ய மாட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டு வேலையை வாங்கிக்கொள்ளும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் டயானாவையும் கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உறைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேலையை அருகிலிருந்து பார்க்க அனுமதிக்கிறார், பேசாமல் இருந்தால். நான் பார்த்த ஒரு காட்சியை மட்டும் எழுதுகிறேன். வெப்லியின் திருகாணித் தலைகளில் உள்ள வெட்டு மெல்லியது. கடையில் கிடைக்கும் ஸ்க்ரூடிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சாய்வாக இருப்பதால் வெட்டின் மேல் விளிம்பை மட்டும் பிடிக்கும், அழுத்தித் திருகினால் வழுக்கித் தலையைக் கடித்துவிடும். பழைய பிஸ்டல்களில் பாதிக்கு மேல் இப்படிக் கடிபட்டவைதான். இவர் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அரைக்கல்லில் அதன் இரு பக்கங்களையும் இணையாக வரும்வரை தேய்த்து, வெட்டில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, கடைசியில் எண்ணெய்க் கல்லில் நான்கு இழுப்பு இழுத்தார். வெட்டுக்குள் அது போய் உட்கார்ந்தபோது, கையை எடுத்த பிறகும் விழாமல் நின்றது. அந்த ஒரு திருகாணிக்காக மட்டும் செய்த கருவி அது. அதைப் போட்டுத் திருப்பினார், அசையவில்லை. பலத்தைக் கூட்டவில்லை. இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகாணித் தலையில் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, "வியாழக்கிழமை பாக்கலாம்" என்று மூடி வைத்துவிட்டார். அன்று திங்கள். வியாழக்கிழமை அது வெண்ணெயில் திருகுவது போல் கழன்றதாகச் சொன்னார். அன்று நான் இல்லை.

சுருள்வில்லைப் பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் தமக்குத் தெரிந்த ஒரு ஸ்பிரிங் பட்டறையில் பியானோ கம்பியில் சுற்றி வாங்கினார். இங்கிலாந்திலிருந்து உதிரி பாகம் வரவழைக்கலாமே என்று கேட்டேன். துப்பாக்கிப் பாகம் என்று உறையில் எழுதிய எதையும் சுங்கத்தில் விட்டு எடுப்பதற்குள் தமக்கு இன்னொரு ஓய்வு வயது வந்துவிடும் என்றார். வாஷரை மாட்டுத் தோலில் வெட்டி, மெல்லிய எண்ணெயில் ஊற வைத்து, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து இறுக்கித் தடிமனைச் சரிசெய்தார். தடிமன் கூடினால் கொக்கி பூட்டாது, குறைந்தால் காற்று நிற்காது; அந்த இடைவெளியை அவர் ஒரு மெல்லிய தாளைச் செருகி இழுத்துப் பார்த்துத்தான் அளக்கிறார். பிஸ்டன் வளையத்தை மாற்றவில்லை. சுத்தம் செய்து, பிளவு சரியாக இருக்கிறது என்று பார்த்து, பழையதையே போட்டார். உடைந்த வாஷரின் துணுக்குகளையும் பழைய சுருள்வில்லையும் ஒரு தீப்பெட்டியிலும் காகிதத்திலும் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார், அவை தம்முடையவை அல்ல என்பதுபோல.

பலன் என்ன என்பதை எண்ணிலேயே சொல்கிறேன். பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராஃப் என்னிடம் இருக்கிறது. 0.53 கிராம் எடையுள்ள 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டை வைத்து, வேலைக்கு முன் பத்துமுறை சுட்டதன் சராசரி விநாடிக்கு 78 மீட்டர். வேலைக்குப் பின் 113 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தோடு சக்தி கூடுவதால் 1.6 ஜூலாக இருந்தது 3.4 ஜூலாயிற்று, அதாவது இருமடங்குக்குச் சற்று மேல். முன்பு ஒரு குண்டுக்கும் இன்னொன்றுக்கும் 15 மீட்டர் வரை வித்தியாசம் வந்தது. இப்போது 4 மீட்டரைத் தாண்டுவதில்லை. எனக்கு வேகம் கூடியதைவிட இந்தச் சீர்மைதான் பெரிதாகப் படுகிறது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு வாரம் என்று சொன்ன வேலைக்கு ஏழு வாரம் எடுத்துக்கொண்டார். நடுவில் நான் செய்த பதினோரு அழைப்புகளில் இரண்டை மட்டும் எடுத்தார், அதிலும் ஒன்றை அவருடைய பேத்தி எடுத்தாள். பில் கிடையாது, ரசீது கிடையாது. தாத்தாவின் பொருளை ஒரு சந்து வீட்டில் எழுத்து எதுவும் இல்லாமல் விட்டுவிட்டு வருவதற்கு மனம் கல்லாக வேண்டும். நான் வரிசை எண்ணையும் எல்லாப் பக்கங்களையும் புகைப்படம் எடுத்து அவருக்கே அனுப்பி வைத்தேன். அவர் பார்த்தாரா என்று தெரியாது, எனக்கு ஒரு தைரியம்.

வேலையிலும் இரண்டு பிசகு நடந்தது. முதன்முறை வாங்கி வந்தபோது சுருள்வில் ஒரு சுற்று நீளமாக இருந்தது. குழலை முழுக்க மடக்குவதற்கு முன்பே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிட்டதால் பிஸ்டன் விசையின் கொக்கியில் மாட்டவில்லை. பலம் போட்டு மடக்கியிருந்தால் நெம்புகோல் வளைந்திருக்கும். திரும்பக் கொண்டுபோனேன்; மறுபேச்சில்லாமல் வாங்கி, ஒரு சுற்றை வெட்டி, முனையைச் சூடாக்கிப் படிய வைத்து, தட்டையாக அரைத்து அரை மணி நேரத்தில் கொடுத்தார். இரண்டாவது, எண்ணெய் அதிகம். முதல் ஏழெட்டுக் குண்டுகள் குழலிலிருந்து நீலப் புகையோடும், தீபாவளித் துப்பாக்கியில் பொட்டு வெடிப்பது போன்ற சத்தத்தோடும் போயின. காற்றறைக்குள் எண்ணெய் ஆவி இருந்தால், டீசல் எஞ்சினில் நடப்பதைப் போல, நெருக்கத்தின் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். வேகம் திடீரென்று கூடும், வாஷர் கருகும். மேலே நான் கொடுத்த எண்களில் அந்தக் குண்டுகளைச் சேர்க்கவில்லை. இதை அவரிடம் சொன்னபோது தலையசைத்தார், ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நகல் பிஸ்டல்களுக்கும் இவரிடம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம், ஆனால் அவருக்கு அதில் ருசி இல்லை. ஜெர்மனியின் உமாரெக்ஸ் போன்ற நிறுவனங்கள், வால்தர், பெரெட்டா, கோல்ட் என்று அசல் நிறுவனங்களிடம் உரிமம் வாங்கி, தோற்றத்தில் அச்சு அசலாக இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பிஸ்டல்களைச் செய்கின்றன. என்னிடம் இருக்கும் வால்தர் நகலில் 12 கிராம் வாயுக் குப்பியைப் போட்டால் ராத்திரிக்குள் காலியாகிவிடும். அதைப் பதினைந்து நிமிடத்தில் பிரித்து, குப்பியின் கழுத்து உட்காரும் இடத்தில் இருந்த ரப்பர் வளையத்தை மாற்றி, இனிமேல் ஒவ்வொரு குப்பியின் நுனியிலும் ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் விட்டுப் போடச் சொன்னார். 150 ரூபாய். உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு என்பதால் உடைந்தால் தம்மால் பற்றவைக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். "பொம்மை நல்லாத்தான் இருக்கு" என்பது அவருடைய தீர்ப்பு. எனக்கு இதில் உடன்பாடில்லை. அசலைப் பார்க்கவே வழியில்லாத ஒருவருக்கு அதன் எடையையும் சமநிலையையும் கையில் உணர வைக்கிற நகலுக்குச் சேகரிப்பில் இடம் உண்டு. ஆனால் அவரிடம் விவாதிக்கப் போகவில்லை, வாயு கசிந்ததை நிறுத்தப் போனேன்.

கொண்டுபோவதற்கு முன் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவரும் பார்க்கிறார். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் சக்தி 20 ஜூலுக்கும் மிகாத ஏர் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. வெப்லி சீனியர் 0.177, 0.22 என்ற இரண்டு அளவிலும் வந்தது. குழலை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளவும் முடியும். சக்தியைப் பொறுத்தவரை இரண்டுமே 20 ஜூலுக்கு எங்கோ கீழே இருந்தாலும், 0.22 குழல் மாட்டிய வெப்லி விட்டத்தினாலேயே விலக்குக்கு வெளியே போய்விடும். குழலின் மேல் பொறித்த எண்ணைப் படித்துவிட்டு, அதை நம்பாமல் பின்வாயில் ஒரு அளவுக் கம்பியையும் விட்டுப் பார்த்த பிறகுதான் என்னுடையதை வாங்கி வைத்தார். அடையாள அட்டையும் கேட்டார். 0.22 என்று தெரிந்தால் உரிமத்தைக் காட்டாமல் மேசைமேல் வைக்கவே விடுவதில்லை என்று என்னை அழைத்துப்போனவர் சொன்னார்.

மெட்ரோவில் கொண்டுபோகாதீர்கள், பைச் சோதனையில் திரையில் தெரியும் வடிவத்தைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு ஆயுத விதிகளை விளக்கிக்கொண்டு நிற்க நேரும். நகலாக இருந்தால் இன்னும் மோசம், அது அசலைவிட அசலாகத் தெரியும். நான் பூட்டிய பெட்டியில் வைத்து ஆட்டோவில் போனேன். வாரநாள்களில் பதினொரு மணிக்கு மேல் போனால் இருப்பார், மதியம் ஒன்றரைக்கு மேல் தூங்குவார்.

வெப்லிக்கு மொத்தம் 2,900 ரூபாய் வாங்கினார். அதில் சுருள்வில்லுக்குப் பீன்யாவில் கொடுத்தது 600. இரண்டாவது முறை செய்த வேலைக்குக் காசு கேட்கவில்லை, கொடுத்தும் வாங்கவில்லை. அடுத்ததாக அவரிடம் கொடுக்க, ஒரு நண்பர் எனக்கு விற்க ஒப்புக்கொண்டிருக்கும் வால்தர் எல்பி 53 காத்திருக்கிறது. ஜேம்ஸ் பாண்ட் திரைப்பட விளம்பரப் புகைப்படங்களுக்காக நடிகர் ஷான் கானரி கையில் பிடித்து நின்றது இந்த ரக ஏர் பிஸ்டலைத்தான். அந்தப் புகைப்படங்களில் இருந்த பிஸ்டல் 2010இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,77,250 பவுண்டுக்குப் போனது. நண்பருடையதற்கு அந்தப் பாக்கியம் இல்லை, பிடிக்குள் இருக்கும் காற்றறையில் துரு பிடித்திருக்கிறது. பிஸ்டனே பிடிக்குள் ஓடுகிற அமைப்பு என்பதைச் சொன்னதும் அல்சூர்க்காரர் கையிலிருந்த தையல் இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "எப்போ கொண்டு வர்றீங்க?" என்று கேட்டார். மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்கிறார். நான் தீபாவளிவரை கணக்கு வைத்திருக்கிறேன்.